கடைசி யூனிட் என்ன விலை? – வீட்டு மின்சாரம் குறித்த வாசகர் கேள்விகள்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற எரிசக்தித் தணிக்கையாளர், திருச்சி

எங்களுடையது மதுரையில் ஒற்றைத் தள வீடு, காங்கிரீட் கூரை. ஜூன் கடைசியில் மொட்டை மாடிக்கு வெள்ளைக் குளிர்பூச்சு அடித்தோம். 38,000 ரூபாய் ஆயிற்று. மே–ஜூன் மின்கட்டணம் 3,900 ரூபாய், ஜூலை–ஆகஸ்டில் 2,700. இரண்டு மாதத்தில் 1,200 ரூபாய் மிச்சம் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரிதானா?
– வாசகி, மதுரை

அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா. மே மாதம் கத்திரி வெயில், பிள்ளைகளுக்கு விடுமுறை, ஊரிலிருந்து விருந்தாளிகள். ஜூலையில் பள்ளி திறந்து பகலில் வீடு பூட்டிக் கிடந்திருக்கும். பூச்சே அடிக்காத பக்கத்து வீட்டிலும் கட்டணம் குறைந்திருக்கும். அந்தக் குறைவையும் சேர்த்துப் பூச்சுக்காரர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

முதலில் ரூபாயை மறந்துவிட்டு யூனிட்டைப் பாருங்கள். கட்டணம் மாறும், அடுக்கு மாறும், யூனிட் மாறாது. சென்ற ஆண்டு ஜூலை–ஆகஸ்டில் எத்தனை யூனிட், இந்த ஆண்டு எத்தனை? மின்வாரியத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்கு கிடைக்கும். அப்படியே பக்கத்து வீட்டாரிடமும் இரண்டு ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். மனம் இருந்தால் காட்டுவார்கள். உங்கள் வீட்டில் 520 யூனிட் 460 ஆகியிருக்கிறது, அவர்கள் வீட்டில் ஒன்றும் செய்யாமலே 20 குறைந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த 20 வானம் கொடுத்தது. மீதி 40தான் பூச்சு கொடுத்தது. ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். செய்வது இந்தக் கழித்தல்தான்.

ஆள் கணக்கையும் விடாதீர்கள். கல்லூரிக்கு ஒரு பிள்ளை விடுதி போயிருந்தால் இரவெல்லாம் ஓடிய ஒரு ஃபேனும் ஒரு ஏசியும் கூடவே போயிருக்கும்.

இன்னொன்று. பூச்சு அடித்தவர் ‘பத்து டிகிரி குறையும்’ என்று சொல்லியிருப்பார். பொய்யில்லை, ஆனால் எங்கே குறைகிறது என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். மே மாதப் பிற்பகலில் வெறும் காங்கிரீட் தளம் ஐம்பது, அறுபது டிகிரிக்குச் சுடும். வெள்ளைப் பரப்பில் அது பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும். அது தளத்தின் மேற்பரப்பு. அறைக் காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே நல்ல வேலை என்று நான் சொல்வேன். அதைப் பார்க்க நேரம் பகல் இரண்டு மணியல்ல, இரவு பத்து மணி. காங்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். நாற்காலியில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்பு கை பொறுக்காத சூடு இருந்து இப்போது வெதுவெதுப்போடு நின்றால் பூச்சு வேலை செய்கிறது.

பூச்சின் உண்மையான தேர்வு அடுத்த மார்ச் முதல் ஜூன் வரைதான். அதற்கு முன் பிப்ரவரியில் மாடியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தூசியும் தண்ணீர்த் தொட்டி வழிந்த பாசியும் படிந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையும் நின்றுவிடும்.

இனிமேல் அடிக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கோடையின் தொடக்கத்தில் பாதி மாடிக்கு மட்டும் அடியுங்கள். கீழே இரண்டு படுக்கையறை இருந்தால் ஒன்று வெள்ளைக்குக் கீழே, ஒன்று வெறும் தளத்துக்குக் கீழே. நூற்றைம்பது ரூபாய் வெப்பமானி இரண்டு போதும். பத்து இரவு எழுதி வைத்தால் மீதிப் பாதிக்கு அடிப்பதா வேண்டாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆறு ஃபேன். எல்லாவற்றையும் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட) ஃபேனாக மாற்றினால் கட்டணம் பாதியாகும் என்கிறார் கடைக்காரர். ஒன்று 3,000 ரூபாய். மாற்றலாமா?
– வாசகர், ஈரோடு

ஆறையும் மாற்றாதீர்கள். எதை மாற்றுவது என்பதை உங்கள் மீட்டரே சொல்லும்.

மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3200. வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகும் விளக்கு மினுக்கினால் எங்கோ ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டிதான் வழக்கமான ஆள். அதையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட விட்டு, ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பாருங்கள். பத்து மினுக்கல் எண்ணிப் பத்தால் வகுத்தால் துல்லியமாக இருக்கும். 3200 மீட்டர் என்றால் 1125-ஐ அந்த வினாடியால் வகுக்க வேண்டும். 15 வினாடி என்றால் 75 வாட். பழைய ஃபேன் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். 32 வினாடி என்றால் 35 வாட், அது பிஎல்டிசி. ஐந்து பைசா செலவில்லாத தணிக்கை இது.

ஆக, ஒரு ஃபேனுக்கு 40 வாட் மிச்சம். படுக்கையறையில் நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 34 யூனிட். விருந்தாளி அறையில் மாதம் நான்கு நாள் ஓடும் ஃபேனை மாற்றினால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இனி விலை. நம் மாநிலத்தில் எல்லா யூனிட்டும் ஒரே விலையில்லை. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக அடுக்கடுக்காக விலை ஏறும். நாம் மிச்சப்படுத்துவது எப்போதும் கடைசி யூனிட்டை, அதாவது விலை அதிகமான யூனிட்டை. அதனால் ‘மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை’ என்று கணக்குப் போடுகிறவரை நம்பாதீர்கள்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,430 ரூபாய். ஓயாமல் ஓடும் இரண்டு ஃபேனை மாற்றி 68 யூனிட்டைக் குறைத்தால் 492. அதற்கு 1,677 ரூபாய். 753 ரூபாய் மிச்சம், யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய்! எப்படி? 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை உள்ள மலிவு விலை கிடையாது. 500-க்குள் இறங்கியதும் அந்த 225 ரூபாய்ச் சலுகை திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு ஃபேனுக்குப் போட்ட 6,000 ரூபாய் எட்டுத் தவணையில், அதாவது பதினாறு மாதத்தில் திரும்பிவிடும்.

அதே ஃபேனை 180 யூனிட் ஓடும் வீட்டில் மாட்டினால்? 34 யூனிட்டுக்கு 76 ரூபாய்தான் மிச்சம். 3,000 ரூபாய் திரும்ப ஆறரை ஆண்டு. 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அங்கே மிச்சமாவது அரசின் மானியம். ஒரே ஃபேன், மூன்று வீடு, மூன்று பதில். நீங்கள் எத்தனை யூனிட் என்று எழுதவில்லையே ஐயா! கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார்.

வாங்குவதானால் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் கூரை ஃபேனுக்கும் அது கட்டாயம். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு: மின்வெட்டில் அதே பேட்டரி இரு மடங்கு நேரம் ஃபேனை ஓட்டும். இதை எந்தத் திருப்பிச் செலுத்தும் காலக் கணக்கிலும் காட்ட மாட்டார்கள்.

பத்து வருட ஏசி. புதிய ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினால் பாதி மின்சாரம் போதும் என்கிறார்கள். எங்கள் படுக்கையறைக்கு மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல்.
– வாசகர், சென்னை

உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியத்தில்தான் பதில் இருக்கிறது. முதலில் ஜன்னலைக் கவனியுங்கள். மாலை மூன்று மணியிலிருந்து ஆறு வரை கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்து சுவரிலும் மெத்தையிலும் உட்கார்ந்துகொள்கிறது. இரவு பத்து மணிக்கு நீங்கள் ஏசியைப் போடும்போது அது முதலில் இறைத்து வெளியே கொட்டுவது அந்த வெயிலைத்தான். உள்ளே கனத்த திரை போட்டால் பெரிய பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பம் திரையில் பட்டு அறைக்குள்தான் தங்கும். வெளியே மறையுங்கள்: மூங்கில் தட்டி, பச்சை நிழல்வலை, மடக்குப் பந்தல், எது கிடைக்கிறதோ அது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது எங்கள் திருச்சியின் வறண்ட வெயிலுக்குச் சுகம். உங்கள் சென்னைக் கடற்காற்றில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

நட்சத்திரத்துக்கு வயது உண்டு. 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோலை இறுக்கினார்கள். அதுவரை ஐந்தாக இருந்தது நான்காக இறங்கியது. ஆகவே முத்திரையில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல் அது எந்த ஆண்டுக்கான முத்திரை என்றும் பாருங்கள். அதிலேயே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். இரண்டு ஏசிகளின் யூனிட்டைக் கழித்து உங்கள் கடைசி அடுக்கு விலையால் பெருக்குங்கள். முத்திரைக் கணக்கு ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. நீங்கள் கோடை மூன்று மாதம், இரவு ஆறு மணி நேரம் போடுகிறவர் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டுகிறீர்கள். மிச்சமும் அந்த அளவுக்குத்தான். 2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதை அப்படியே விட்டு மேலே ஃபேனைச் சுழல விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

பத்து வருட ஏசி பழுதானால் நல்லதாக வாங்குங்கள். ஓடுகிற ஏசியை இதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

ஒரு நிறுவனம் வீட்டைப் பார்த்து, கணினியில் கணக்கிட்டு, ‘கூரைக் காப்பு, இரட்டைக் கண்ணாடி, புதிய ஏசி ஆகியவற்றால் ஆண்டுக்கு 45 சதவீதம் சேமிப்பு’ என்று வண்ண அறிக்கை கொடுத்திருக்கிறது. செலவு நான்கரை லட்சம். நம்பலாமா?
– வாசகர், கோவை

அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ‘அனுமானங்கள்’ என்று சிறிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். அதை முதலில் படியுங்கள். வீடு முழுவதும் 24 மணி நேரமும் குளிரூட்டப்படுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். தணிக்கைக்குப் போன வீடுகளில் நான் அடிக்கடி பார்த்தது இதுதான். உங்கள் வீட்டில் ஓர் அறையில், இரவில், நான்கு மாதம் ஏசி ஓடுகிறது என்று வையுங்கள். நாம் செலவே செய்யாத மின்சாரத்தை எப்படி மிச்சப்படுத்துவது?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வருமானம் குறைந்தவர்களின் வீடுகளைச் சீரமைக்கும் அரசுத் திட்டத்தைப் பொருளியலாளர்கள் சிலர் சுமார் 30,000 வீடுகளை வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. கணினிக் கணக்கு சொன்ன சேமிப்பு, மீட்டரில் உண்மையாகத் தெரிந்த சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். போட்ட முதலோ கிடைத்த எரிசக்திச் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே கடுங்குளிர், இங்கே வெயில். ஆனால் கணினி நம்பிக்கையோடு ஒன்றைச் சொல்வதும் மீட்டர் வேறொன்றை முணுமுணுப்பதும் எங்கேயும் நடப்பதுதான்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த நிறுவனத்திடம், ‘உங்கள் கணினிக் கணக்கில் என் வீட்டுச் சென்ற ஆண்டு யூனிட் எவ்வளவு வருகிறது?’ என்று கேளுங்கள். கணினி 9,000 என்கிறது, உங்கள் ஆறு தவணையைக் கூட்டினால் 4,000தான் என்றால் 45 சதவீதப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நடந்து முடிந்த ஆண்டையே சரியாகச் சொல்லத் தெரியாத கணக்கு, வரப்போகும் ஆண்டை எப்படிச் சொல்லும்?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேல்தள அறையில் உறங்க முடியாமல் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் முதியவர் ஒருவர் இருக்கும் வீட்டில் கூரைக் காப்பு போட்டால் ஒரு யூனிட்டும் குறையாமல் போகலாம். ஏனென்றால் அங்கே முன்பும் ஏசி இல்லை, இப்போதும் இல்லை. அவர் தம் அறையில் உறங்குகிறார், அவ்வளவுதான். இதை யூனிட்டில் அளந்து ‘தோல்வி’ என்று எழுதும் தணிக்கையாளரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். சேமிப்புக்காகச் செய்கிறீர்களா, சுகத்துக்காகச் செய்கிறீர்களா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சுகத்துக்கு என்றால் வெப்பமானியைப் பாருங்கள். சேமிப்புக்கு என்றால் மீட்டரைப் பாருங்கள்.

உங்கள் பட்டியலில் கூரைக் காப்பை வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடி கோவைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

மாடியில் புதிதாக இரண்டு அறை கட்டுகிறோம். கூரையின் உள்பக்கம் தெர்மோகோல் வைத்துப் பொய்க்கூரை போடலாம் என்கிறார் மேஸ்திரி.
– வாசகி, சேலம்

காப்பைத் தளத்துக்கு மேலே போடச் சொல்லுங்கள். உள்ளே போட்டால் காங்கிரீட் முழுவதும் வெயிலில் சுட்டுக்கொண்டே இருக்கும். விரிந்து சுருங்கி வெடிப்பும் வரும். மேலே போட்டால் தளத்துக்கே வெயில் எட்டாது. நீர்க்கசிவுத் தடுப்பு, அதன் மேல் அடர்த்தியான காப்புப் பலகை, அதன் மேல் சரிவு கொடுத்த சாந்து, கடைசியில் வெளிர்நிற ஓடு. பொய்க்கூரைக்கு வைக்கும் மெல்லிய தெர்மோகோல் ஆள் நடக்கும் மாடியில் நசுங்கிவிடும். கனமான ரகம் கேட்டு வாங்க வேண்டும்.

குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு, கூரை வழியாகச் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் ஆறு அங்குலக் காங்கிரீட்டில் இது மூன்று வாட்டையும் தாண்டும். மேஸ்திரியிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை, பொறியாளரிடம் சொல்லுங்கள். கட்டும்போதே போட்டால் ஆகும் செலவு, பிறகு தளத்தைக் கொத்திப் போடுவதில் பாதிகூட இருக்காது.

கீழ்த்தளம் தாத்தா காலத்துச் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போட்டதாக இருந்தால் அதுவே ஒரு காப்புதான்; அதைக் கொத்தி எடுக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காரைக்குடியில் பழைய வீடு. குரங்குத் தொல்லைக்காக முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடினோம். அதிலிருந்து பகலிலும் புழுங்குகிறது. ஏசி போடச் சொல்கிறார் மகன்.
– வாசகர், காரைக்குடி

முற்றத்தின் வேலையே சூடான காற்றை மேலே அனுப்புவது. மூடியைப் போட்டு அடைத்துவிட்டீர்கள்; வெளிச்சத்தோடு வெயிலும் உள்ளே இறங்குகிறது, போக வழியில்லை. ஷீட்டை இரண்டடி உயர்த்தி நான்கு பக்கமும் கம்பிவலை அடியுங்கள். குரங்கு வராது, காற்று போகும். ஷீட்டுக்கு வெள்ளை அடித்தாலும் நல்லது. இந்த வேலைக்கு ஆகும் செலவு ஏசியின் முதல் கோடைக் கட்டணத்தில் அடங்கும்.

உதகையில் கூரைக்கு வெள்ளை அடிக்கலாமா?
– வாசகர், உதகை

வேண்டாம். உங்களுக்குக் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்? உங்கள் செலவு வெந்நீரில் இருக்கும். பதினைந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட். வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? மாடியில் சோலார் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்ததே?
– வாசகர், நாமக்கல்

தீராது, ஆனால் உங்கள் அவசரம் புரிகிறது. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதமும் மூன்றாவதற்கு 18,000-மும் மானியம், உச்சம் 78,000.

நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. மேலே சொன்ன இரண்டு ஃபேன் 68 யூனிட்டைக் குறைத்தன அல்லவா? அந்த 68-ஐ சூரியனிடம் வாங்க ஒரு கிலோவாட்டில் கால் பங்குக்கும் சற்று மேல் தகடு வேண்டும். கிலோவாட் 60,000 என்றால் 17,000 ரூபாய். மானியம் போக 8,500. ஃபேனோ 6,000. முதலில் தேவையைக் குறைத்துவிட்டு மீதிக்குத் தகடு போடுங்கள். சிறிய அமைப்பே போதும் என்று தெரிய வரலாம். தகடு மாடிக்கு நிழலும் தரும் என்பது உண்மை. அதை விற்பனையாளர் சொல்ல மறந்துவிடுவார், நான் அவருக்காகச் சொல்கிறேன்.

வாடகை வீடு. மேல்தளம். வீட்டுக்காரர் ஒரு ரூபாய் செலவழிக்க மாட்டார். யூனிட்டுக்கு அவரே ஒரு விலை வைத்து வாங்குகிறார். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, தாம்பரம்

அவருக்கு ஏன் அக்கறை வரும்? கூரை அவருடையது, கட்டணம் உங்களுடையது. ஆகவே சுவரிலும் கூரையிலும் உங்கள் பணத்தைப் போடாதீர்கள். கழற்றி எடுத்துப் போகக் கூடியதில் மட்டும் போடுங்கள். அவர் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வாங்குவதால் உங்களுக்கு அடுக்குக் கணக்கு இல்லை, இலவச நூறும் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் உண்டு. ஃபேனுக்கு 34 யூனிட்டை அவர் சொல்லும் விலையால் பெருக்கிப் பாருங்கள். எட்டு ரூபாய் என்றால் தவணைக்கு 272 ரூபாய்; 3,000 ரூபாய் ஃபேன் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள், அதற்கு மறுக்க மாட்டார். கூரைக்குச் சுண்ணாம்பு மட்டும் நீங்களே அடித்துத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள்; ஓர் ஆண்டு தாங்கும், சில ஆயிரத்தில் முடியும், வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம்தானே.

கழற்றிய பழைய ஃபேன்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கைகளைப் பிரித்துப் பரணில் வையுங்கள், காலி செய்யும்போது அவற்றையே மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம்.